முப்பத்தேழாம் பக்கத்து முத்திரை

கையில் புத்தகம். எதிரே மைக். மைக்குக்கு அப்பால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசை வரிசையாகப் பட்டுப்புடவைகள்.

"எனக்கு ஒரு தோழி இருக்கிறாள்" என்று படித்தேன்.

மல்லிகைப்பூ வாசனையும் பின்கட்டிலிருந்து வெங்காய பஜ்ஜி வாசனையும் கலந்து வந்தன. முன் வரிசையில் யாரோ செல்போனில் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பழகிய கூட்டம், பழகிய வேலை. கடகடவென்று படித்துக்கொண்டே போனேன்.

அது என் புத்தகம் அல்ல, எஸ்தரின் புத்தகம். அவள் வரவில்லை, அவளுக்குப் பதிலாக நான் நின்றேன். நாலைந்து வாக்கியம் ஓடிய பிறகுதான் அந்தத் தோழி யார் என்று எனக்கு உறைத்தது.

அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால், நான் நின்ற மேஜையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் அவமானம் உங்களுக்கு முழுசாகப் புரியாது.

புத்தக மேஜை

தாம்பரம் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பது வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன் என்று இந்தத் தொடரின் முதல் வாரமே எழுதியிருந்தேன். பெயர் வேண்டாம். பெயர் போட்டால், "எங்க டிபார்ட்மென்ட்டைப் பற்றி ஒரு வரி இல்லையே மேடம்" என்று நாளைக்கே நாலு பேர் சண்டைக்கு வருவார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு அங்கே பழைய மாணவிகள் கூடும் நாள் வரும். பாட்டு, பரிசு, பஜ்ஜி எல்லாம் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. எங்களிடம் கூடுதலாக ஒன்று உண்டு, புத்தக மேஜை. அந்த வருஷம் புத்தகம் வெளியிட்ட பழைய மாணவிகளும் ஆசிரியைகளும் நீள மேஜைக்குப் பின்னால் அவரவர் புத்தகத்தை முன்னே வைத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பக்கம் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் தன் புத்தகத்தைத் தன் கையாலேயே நூலகத்துக் கண்ணாடி அலமாரியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவ்வளவுதான் விழா.

வெளிநாட்டில் இருப்பவர்கள், பிள்ளை பெற்றவர்கள், முட்டி வலிக்காரர்கள் வர முடியாது. அவர்களுக்குப் பதில் ஒருத்தி நிற்பாள். பெரும்பாலும் அந்த ஒருத்தி நான். ஒப்புக்குச் சப்பாணி என்பார்களே, அது. ஊரில் உள்ள எல்லார் புத்தகத்துக்கும் பின்னால் நின்றிருக்கிறேன். ஒரு வருஷம் மாடித்தோட்டம், ஒரு வருஷம் சர்க்கரை நோயாளிகளுக்கான சிறுதானியச் சமையல், ஒரு வருஷம் டெக்சாஸிலிருந்து வந்த குழந்தைப் பெயர்க் களஞ்சியம். முன்னட்டை, பின்னட்டை, உள்ளட்டை மூன்றிலும் தன் படத்தையே போட்டிருந்த ஒரு கவிஞருக்குப் பதிலாகவும் நின்று, காதல் கவிதை படித்து, கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன்.

இது போக எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கல்லூரியின் செய்தி மடலில் 'புதிய நூல்கள்' என்று ஒரு பக்கம் வரும். ஒரு புத்தகத்துக்கு நாலு வரி. அதை எழுதுவது நான். ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. புதன்கிழமை தோறும் செம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து நூலகத்துக்குப் போவேன். போகாவிட்டால் அந்த வாரம் என்னோடு பேச கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் மட்டும்தான். அவரும் ஓ.டி.பி. நம்பர் கேட்டுக்கொண்டு போய்விடுவார்.

நாலு வரி ரகசியம்

ஆரம்பத்தில் ஒவ்வொரு புத்தகத்தையும் முழுசாகப் படித்துத்தான் எழுதினேன். சத்தியம். பிறகு பாதி படித்தேன். பிறகு முன்னுரை. கடைசியில் பின்னட்டை. பின்னட்டையில் உள்ள ஆறு வரியை நாலு வரியாக்கி, 'எளிய நடை', 'பயனுள்ள நூல்', 'அனைவர் இல்லத்திலும் இருக்க வேண்டியது' என்ற மூன்றில் ஒன்றைத் தூவினால் வேலை முடிந்தது. எழுதியவர்களுக்குச் சந்தோஷம். ஒருத்திகூட, "மேடம், நிஜமாவே படிச்சீங்களா?" என்று கேட்டதில்லை. அப்படிக் கேட்டிருந்தால் திருந்தியிருப்பேனோ என்னவோ.

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார்: "இவ்வளவு புத்தகங்களோடு பழகிய நீங்கள் ஏன் ஒரு புத்தகம்கூட எழுதவில்லை?" நறுக்கென்று கிள்ளிவிட்டார்.

எழுதினேன், அம்மா. செம்பாக்கம் ஏரிக்கரைச் செடிகளைப் பற்றி. நான்கு கோப்புகள் நிறைய இருக்கின்றன, உலர்த்தி ஒட்டிய செடிகளோடு. ஒவ்வொரு வருஷமும் 'இந்த வருஷம் முடித்துவிடலாம்' என்பேன். ஏரியைச் சுற்றி வீடுகள் முளைத்தன. நான் குறித்துவைத்த செடிகளில் பாதி இருந்த இடத்தில் இன்று கார் நிற்கிறது. அந்தக் கோப்புகள் பீரோ மேல் பாச்சை உருண்டையோடு கிடக்கின்றன.

என்னோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராக மேஜைக்குப் பின்னால் சொந்தப் புத்தகத்தோடு நிற்கப் போனார்கள். கைதட்டினேன். கைதட்டும்போது வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. எஸ்தர் புத்தகம் போட்டபோது மட்டும் அது வெளியே வந்துவிட்டது.

மரத்தடி

எஸ்தர் கணக்கு டீச்சர். வீடு பொழிச்சலூர். பல்லாவரத்தில் ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்குவாள். நான் செம்பாக்கத்திலிருந்து வருகிறவள், பஸ் முன்னாலேயே வந்துவிடும். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பெரிய மரம் இருந்தது. அதன் கீழே நிற்பேன். கூட்டத்தோடு கூட்டமாக அவள் படியிறங்கி வருவாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு. அங்கிருந்து கல்லூரிக்கு நடை. சாயங்காலம் அதே மரத்தடியில் ஒரு ரயிலை விடுவோம், இரண்டு ரயிலை விடுவோம். அப்படி எதைத்தான் பேசினோமோ, இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவில்லை.

நூலகக் குழுவிலும் நாங்கள் இருவரும் சேர்ந்து இருந்தோம். சனிக்கிழமைகளில் புதுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்துவோம். நூலகம் பழகாதவர்களுக்குச் சொல்கிறேன். முதல் பக்கத்தில் குத்துகிற முத்திரையைத் திருடுகிறவன் கிழித்துவிடலாம். அதனால் ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு ரகசியப் பக்கம் உண்டு. எல்லாப் புத்தகத்திலும் அதே எண்ணுள்ள பக்கத்தின் அடியில் இன்னொரு முத்திரை குத்துவார்கள். எங்கள் பக்கம் எதுவென்று சொன்னால் நூலகர் என் கழுத்தைப் பிடிப்பார். முப்பத்தேழு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்தர் பக்கத்தைப் புரட்டிப் பிடிப்பாள், நான் குத்துவேன். ஊதா மை இரண்டு பேர் விரலிலும் ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கும். "சர்ச்ல எல்லாரும் என் விரலையே பாக்கறாங்கடீ. எலெக்‌ஷன் எப்போ நடந்துச்சுன்னு கேக்கறாங்க" என்பாள்.

என்னை 'டீ' போட்டுப் பேசியது உலகத்தில் மூன்று பேர். அம்மா, அக்கா, எஸ்தர். முதல் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இருபத்தாறு

எங்கள் இருவருக்கும் ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயம், எஸ்தர் ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டாள். எனக்குக்கூடச் சொல்லாமல் எழுதியிருந்தாள். "கணக்கு டீச்சருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஸ்டாஃப் ரூமில் சிலர் உதட்டைச் சுழித்தார்கள். அவளுக்கு அது தெரியும். அதனால் மேஜைக்குப் பின்னால் நிற்கவே பயந்துகொண்டிருந்தாள்.

அந்தப் புத்தகத்தை நான் முழுசாகப் படித்தேன். இரண்டு முறை. கதைகள் நன்றாக இருந்தன. நன்றாக இருந்ததுதான் தொந்தரவு. பென்சிலை எடுத்துக்கொண்டு, பூவைப் பிய்த்துப் போட்டு மகரந்தத் தாள் எண்ணுகிற மாதிரி, அச்சுப் பிழைகளை எண்ணினேன். செய்தி மடலில் மூன்று வரி பாராட்டிவிட்டு நாலாவது வரி எழுதினேன்: 'இருபத்தாறு அச்சுப் பிழைகள் உள்ளன, அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம்.'

அந்தப் பக்கம் தொடங்கிய நாளிலிருந்து யாரைப் பற்றியும் ஒரு குறை எழுதியதில்லை. முதல் குறை என் ஒரே சிநேகிதிக்கு. படித்துவிட்டுச் சிரிப்பாள், முதுகில் ஒன்று வைப்பாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாக இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் நின்று ஒரு பக்கம் படித்தாள். புத்தகத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே போனாள். மறுநாள் மரத்தடியில் நின்றேன், அவள் முந்தின ரயிலிலேயே வந்து கல்லூரிக்குப் போய்விட்டிருந்தாள். ஸ்டாஃப் ரூமில், "அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் உங்க கிட்ட இருக்கா, மேடம்?" என்று கேட்டாள்.

'உங்க'. 'மேடம்'. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை.

நான் போய்ப் பேசியிருக்கலாம். வீம்பு. உண்மையைத்தானே எழுதினேன் என்ற வீம்பு. அவள் முதலில் ஓய்வு பெற்றாள், அடுத்த வருஷம் நான். அந்த இடைவெளியில் அவள் கணவர் தவறிப்போனார். கூட்டத்தோடு போய் மாலை போட்டுவிட்டுக் கூட்டத்தோடு திரும்பினேன். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அந்த மரத்தையும் வெட்டிவிட்டார்கள். ஏழெட்டு வருஷம் இப்படியே போயிற்று.

தபாலில் வந்தது

போன ஆடியில், நூலகத்துக்கு ஒரு தபால் உறை வந்தது. எஸ்தரின் இரண்டாவது புத்தகம். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே அவள் செய்த ரயில் பயணங்களைப் பற்றிய கட்டுரைகள். உறைக்குள் கடிதம் எதுவும் இல்லை. தலைகீழாகப் பிடித்து உதறிக்கூடப் பார்த்தேன்.

நூலக உதவியாளர் தேவகிதான் பக்கத்தைப் பிடித்தார். முதல் பக்கத்தில் ஒரு முத்திரை. முப்பத்தேழாம் பக்கத்தைப் புரட்டி அடியில் ஒரு முத்திரை. முத்திரை குத்துகிறவர்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை, பக்க எண்ணையும் அடியில் உள்ள வெற்றிடத்தையும்தான் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். அன்றைக்கு ஒரு படி மேலே போய், அவள் எழுத்தில் கண் படக்கூடாது என்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்தினேன்.

"இன்னா மேடம், கோணையா குத்திட்டீங்க?" என்றார் தேவகி.

"பரவாயில்ல, மூடுங்க."

மார்கழியில் செய்தி மடலுக்கு நாலு வரி எழுத வேண்டி வந்தது. இந்த முறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று பின்னட்டையைப் பார்த்தே எழுதினேன். கடைசி வரி: 'எளிய நடையில் அமைந்த, அனைவர் இல்லத்திலும் இருக்க வேண்டிய நூல்.' ஒரு சொட்டு விஷம் இல்லை. சமாதானக் கொடி என்றே நினைத்தேன். மடல் அச்சாகி, விழா அழைப்போடு சேர்த்து எல்லார் வீட்டுக்கும் தபாலில் போயிற்று. பொழிச்சலூருக்கும் போயிற்று.

விழாவுக்கு முந்தின நாள் பழைய மாணவிகள் சங்கச் செயலாளர் வித்யா போன் செய்தாள். என் பழைய மாணவி.

"எஸ்தர் மேடம் வரலையாம், மேம். முட்டி வலியாம். யாராவது நின்னுக்கட்டும்னு சொல்லிட்டாங்க. நீங்களே நின்னுடறீங்களா? நீங்க ரெண்டு பேரும் க்ளோஸ்தானே?"

"நின்னுடறேன்" என்றேன்.

மேஜைக்குப் பின்னால்

ஆக, மறுபடி அந்த மேஜை. கையில் புத்தகம், எதிரே மைக்.

பிறருக்காக நிற்கும்போது எந்தப் பக்கத்தைப் படிப்பது என்று நான் யோசிப்பதில்லை. எழுதியவள் வராதபோது தேர்ந்தெடுக்க நான் யார்? ஊதா முத்திரை இருக்கும் பக்கத்தைப் பிரித்துப் படித்துவிடுவேன். அன்றும் அப்படியே பிரித்தேன். முத்திரை கோணையாகத்தான் விழுந்திருந்தது.

"எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். தாம்பரத்தில் நான் இறங்கும்போது மரத்தடியில் காத்திருப்பாள். என் முதல் புத்தகத்தை அறுபது பேருக்குக் கொடுத்தேன். ஐம்பத்தொன்பது பேர் அருமை என்றார்கள். அவள் மட்டும் இருபத்தாறு பிழைகள் என்றாள். அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். ரொம்ப நாள் கழித்து ஒரு மழை நாளில் உட்கார்ந்து நானே எண்ணிப் பார்த்தேன். சரியாக இருபத்தாறு இருந்தது. அப்படியென்றால் அந்த அறுபது பேரில் என் புத்தகத்தைப் படித்தது அவள் ஒருத்திதான்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பக்கத்தில் இன்னும் ஏழெட்டு வரி இருந்தது. எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது.

கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கட்டுரை அவ்வளவுதான் போலும் என்று கைதட்டினார்கள். தேவகி தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "இன்னா ஆச்சு மேடம்? மூஞ்சி இப்டி வெளுத்துக் கெடக்குது. குந்துங்க மொதல்ல."

குந்தினேன். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மனதுக்குள் கணக்குப் போட்டேன். நான் எந்தப் பக்கத்தைத் திறந்தே ஆக வேண்டும் என்று தெரிந்து புத்தகம் எழுதக்கூடியவள் உலகத்தில் எஸ்தர் ஒருத்திதான். அந்தப் பக்கத்தில் எனக்கு எழுதியிருக்கிறாள். ஆடியில் நான் அதைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடியில் முத்திரை குத்தி மூடியிருக்கிறேன். அதற்குப் பதிலாக அவளுக்குக் கிடைத்தது, 'அனைவர் இல்லத்திலும் இருக்க வேண்டிய நூல்.'

குறை சொன்னபோது நான் படித்திருந்தேன். பாராட்டியபோது படிக்கவில்லை. செய்தி மடலைப் பிரித்த அந்த நிமிஷமே அவளுக்கு அது தெரிந்திருக்கும். வராததற்கு முட்டி வலியா காரணம்?

முறைப்படி அந்தப் புத்தகத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். முப்பது வருஷம் நூலகக் குழுவில் இருந்தவள் செய்த முதல் திருட்டு.

மீதி ஏழெட்டு வரி

மறுநாள் காலையில் காபியை எதிரே வைத்துக்கொண்டு மீதியைப் படித்தேன்.

'இந்தப் புத்தகத்தின் அச்சுப் படியை அவளிடம் காட்டலாம் என்று செம்பாக்கம் போனேன். அவள் வீட்டு கேட் வரைக்கும் போனேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரோ பேசுவதற்குப் பதில் சொல்கிற மாதிரி ரேடியோவுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாய் வரவில்லை. பிழைகளோடேயே அச்சுக்குக் கொடுக்கிறேன்.'

காபி ஆறிவிட்டது. ரேடியோவை அணைத்தேன். வீடு எவ்வளவு சத்தமில்லாதது என்று அன்றுதான் கேட்டேன். அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி நின்றிருக்கிறாள், நான் ரேடியோவுக்குத் தலையாட்டியிருக்கிறேன்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பென்சிலைச் சீவினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒரு வரி விடாமல், நாலு நாள் படித்தேன். கடைசியில் ஒரு முழுத்தாளில் பட்டியல் எழுதினேன். பக்கம், வரி, பிழை, திருத்தம். பதினேழு தேறியது.

பொழிச்சலூர்

போன் செய்துவிட்டுப் போகவில்லை. செய்தால் "எதுக்குங்க சிரமம்" என்பாள். பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

வீடு அப்படியே இருந்தது. கேட்டை அவளே வந்து திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. முட்டி வலி பொய்யில்லை, கைத்தடி வைத்திருந்தாள்.

"வாங்க" என்றாள். "உள்ள வாங்க. உக்காருங்க."

காபியை டவராவோடு ட்ரேயில் வைத்துக் கொண்டுவந்தாள். முன்பெல்லாம் அடுப்படியில் நின்றபடி ஆளுக்குப் பாதி குடிப்போம். டீப்பாய் மேல் செய்தி மடல் கிடந்தது.

"நல்லா எழுதியிருந்தீங்க. எளிய நடைன்னு போட்டிருந்தீங்க. தேங்க்ஸ்."

"படிக்காம எழுதினேன், எஸ்தர்."

"தெரியும்."

"பின்னட்டையைப் பாத்து எழுதினேன்."

"அதுவும் தெரியும். பின்னட்டைல இருந்ததை எழுதினதே நான்தானே?"

தலைக்கு மேல் விமானம் ஒன்று தாழ்வாகப் போயிற்று. பொழிச்சலூரில் விமானம் போகும்போது எல்லாரும் பேச்சை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார்கள். நாங்களும் காத்திருந்தோம். சத்தம் ஓய்ந்ததும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நீ நினைக்கிற மாதிரி இல்ல. அன்னிக்கு உட்காந்து எண்ணினது ஆசையில இல்ல, பொறாமையில. நீ புத்தகம் போட்டுட்ட, நான் போடல. அதான்."

எஸ்தர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யார் எண்ணினாலும், எதுக்கு எண்ணினாலும், இருபத்தாறு இருபத்தாறுதானே" என்றாள். கணக்கு டீச்சர்.

பட்டியலை எடுத்து நீட்டினேன். "இப்ப முழுசாப் படிச்சேன். பதினேழு இருக்கு."

வாங்கிக்கொண்டு கண்ணாடியைத் தேடினாள். மாட்டிக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்தாள். "ம்." அடுத்தது. "ம்." அடுத்தது. பள்ளிக்கூடத்தில் விடைத்தாளைத் திருத்தக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் உயிர் அந்த விரலில் இருந்தது. கீழே இறங்கிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

நான் எழுதியிருந்தது இது: 'பக்கம் எழுபத்தொன்று: ஸ்டேஷன் வாசல் மரம் புங்கமரம் அல்ல, தூங்குமூஞ்சி மரம்.'

"இது தப்பு இல்லடீ" என்றாள் எஸ்தர்.

அவளுக்கும் காதில் விழுந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"புங்கமரம்தான்டீ அது."

"நான் பாட்டனி. எனக்கே மரம் சொல்லித்தரியா? தூங்குமூஞ்சி. ரோஸ் கலர்ல பூ பூக்கும்."

"ரோஸாவது, ஒண்ணாவது! வெள்ளை வெள்ளையா கொட்டும், பொரி மாதிரி. உன் தலையில எல்லாம் கெடக்கும். வந்து நான்தானே தட்டி விடுவேன்?"

"மரம் இருந்தா போய்ப் பாக்கலாம். அதையும் வெட்டித் தொலைச்சுட்டாங்க."

"அப்ப நான் சொல்றதுதான் சரி" என்றாள்.

அரை மணி நேரம் சண்டை போட்டோம். காபியை இரண்டாம் தடவை அடுப்படியிலேயே நின்று குடித்தோம். கிளம்பும்போது கேட்டேன், "வேணும்னுதான் முப்பத்தேழுல போட்டியா?"

"பின்ன? அச்சகத்துக்காரரை மூணு தடவை பக்கம் மாத்தச் சொன்னேன். கடுப்பாயிட்டாரு மனுஷன்."

அடுத்து எப்போது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எட்டு வருஷத்தை ஒரு காபியில் கரைத்துவிட முடியாது. கைத்தடியோடு கேட் வரை வந்து நின்றாள். ஆட்டோ திரும்பும்போது பார்த்தேன், உள்ளே போகாமல் அங்கேயே நின்றிருந்தாள்.

எஸ்தரின் ரயில்

பல்லாவரத்தில் ரயில் ஏறினேன். குரோம்பேட்டை, சானட்டோரியம், தாம்பரம். முப்பது வருஷம் அவள் வந்த வழி. அவள் இறங்கிய மாதிரியே கூட்டத்தோடு படியேறி, கூட்டத்தோடு படியிறங்கி வெளியே வந்தேன்.

மரம் இருந்த இடத்தில் இப்போது இரும்புத் தடுப்பும் ஒரு கரும்புச்சாறு வண்டியும் இருக்கின்றன. அவள் வரும் பக்கத்திலிருந்து அந்த இடத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. சற்று நின்று, மரத்தை மனதில் வரவழைக்கப் பார்த்தேன். இலை எப்படி இருந்தது? பட்டை சொரசொரப்பா, வழுவழுப்பா? பூ ரோஸா, வெள்ளையா?

ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் இந்தப் படிகள்தான். படியில் இறங்குகிற கூட்டமும், அதில் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வருகிற ஒருத்தியும்தான். முப்பது வருஷம் ஒரு மரத்தடியில் நின்ற தாவரவியல் டீச்சர், அந்த மரத்தை ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

பட்டியலின் நகல் கைப்பையில் இருந்தது. கரும்புச்சாறு வண்டியின் பலகைமேல் அதை வைத்து, எழுபத்தொன்றாம் பக்கத்தை அடித்தேன். பதினேழைத் திருத்திப் பதினாறு என்று எழுதிக்கொண்டேன்.